புராஸ்டேட் புற்றுநோய் எலும்புக்குப் பரவினால் படுத்தே கிடக்க வேண்டுமா?

"புராஸ்டேட் புற்றுநோய் எலும்புக்குப் பரவிவிட்டால் உடற்பயிற்சியே கூடாது, எலும்பு முறியும், வீடியோ அழைப்பில் பயிற்சி கொடுப்பது உயிரோடு விளையாடுவது" என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது. இது தவறு.

இந்த நோய்க்குத் தரப்படும், ஆண் ஹார்மோனைக் குறைக்கும் சிகிச்சையில் தசை கரைகிறது, எலும்பு மெலிகிறது, அசதி வாட்டுகிறது. படுத்தே இருந்தால் தசை இன்னும் வேகமாகக் கரையும். ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில், எலும்புக்கு நோய் பரவிய 57 பேரிடம் நடந்து 2018-இல் வெளியான ஆய்வில், பயிற்சி செய்தவர்களுக்குக் கால் தசை வலுத்தது. பயிற்சியால் ஒருவருக்கும் எலும்பு முறியவில்லை. அது நேரடி மேற்பார்வையில் நடந்தது. நோய் தாக்கிய எலும்பில் பாரம் விழாதபடி ஒவ்வொருவருக்கும் தனியாக வகுத்திருந்தார்கள்.

வீட்டிலிருந்தே வீடியோ அழைப்பில் பெறும் பயிற்சிக்கும் இதுவே அடிப்படை. மருத்துவரின் ஒப்புதலும் ஸ்கேன் அறிக்கையும் முதலில், திரை பிறகுதான். கைப்பிடி உள்ள நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போட்டு, மெல்ல எழுந்து உட்காரச் சொல்வார் பிசியோதெரபிஸ்ட். முழங்கால் நடுங்கினால் உடனே நிறுத்தச் சொல்வார். பயந்துபோய் அப்பாவைக் கட்டிலோடு முடக்கிவிடாதீர்கள்.

யூடியூபைப் பார்த்துத் தானாகப் பளு தூக்குவது மட்டும் உண்மையிலேயே ஆபத்து. புதிதாக முதுகுவலி, கால் மரத்துப்போதல், சிறுநீர் அடைப்பு தெரிந்தால் பயிற்சியை நிறுத்திவிட்டு உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.