ஹெர்னியா ஆபரேஷன் முடிஞ்ச வெயிட்லிஃப்டர்களுக்கு

ஆறு வாரம் கழிச்சு ஜிம்முக்கு போகலாம்னு பொதுவா சொல்லிடறாங்க, ஆனா டெட்லிஃப்ட் (தரையிலேந்து வெயிட்டைத் தூக்கறது), ஸ்குவாட் (தோள்ல வெயிட் வச்சு உக்காந்து எழறது)னு உயிரா இருக்கறவங்களுக்கு அது மட்டும் பத்தாதுங்க. எனக்கு கவட்டைப் பக்கம் வந்த இங்குவைனல் ஹெர்னியா, அதாவது வயித்துச் சுவர்ல பலவீனமான இடம் வழியா உள்ள இருக்கறது வெளிய பிதுங்கறது, சின்ன துளை போட்டு பண்ற லேப்ராஸ்கோபில அங்க மெஷ்னு ஒரு வலை வச்சாங்க. வெளித்தையல் சீக்கிரம் ஆறிடும், அதை வச்சு எல்லாம் சரியாச்சுன்னு முடிவு பண்ணாதீங்க, உள்ள மெஷ்ஷுக்குள்ள திசு வளந்து பிடிக்க வாரக்கணக்குல ஆகும், அதுவரைக்கும் வயித்துக்குள்ள பிரஷர் ஏறாம பாத்துக்கணும். மூச்சைப் பிடிச்சு தூக்குறப்ப மட்டுமில்ல, டாய்லெட்ல முக்கினாலும் பலமா இருமினாலும் பிரஷர் ஏறும், அதனால தண்ணி நார்ச்சத்து ரெண்டும் முக்கியம், இருமல் வந்தா தலையணையை வயித்தோட அமுக்கிப் பிடிச்சுக்கோங்க.

ஆபரேஷனுக்கு அப்புறம் சிலருக்கு விதைப்பை வீங்கி நீலம் பூத்து இருக்கும், பாத்தாலே பயமாத்தான் இருக்கும், பெரும்பாலும் தானா வடிஞ்சிடும். ஆனா காய்ச்சல், வாந்தி, கூடிக்கிட்டே போற வலி இருந்தா உடனே டாக்டர்ட்ட ஓடுங்க.

வலிய விட மனசுதாங்க ரொம்ப கஷ்டம், வருஷக்கணக்கா ஏத்தின பலம் கண்ணு முன்னாடி கரையுதுன்னு தோணும், தூக்கமே வராது. ஒருதடவ வளத்த தசை புதுசா வளக்கறத விட வேகமா திரும்ப வரும், இதை நம்புங்க. முதல் நாள்லேந்தே மெதுவா நடங்க. டாக்டர் சரின்னதும் வெயிட் மாட்டாத வெறும் பார்ல (கம்பில) ஆரம்பிச்சு தூக்குறப்ப மூச்சை வெளிய விட்டுப் பழகுங்க, டெட்லிஃப்ட் கடைசியாத்தான். வெயிட் தூக்கறப்ப இடுப்புல கட்டுற பெல்ட் போட்டா சேஃப்னு யாராச்சும் சொன்னா கேக்காதீங்க, அது வயித்து பிரஷரை ஏத்தத்தான் செய்யும்.