சாதாரணப் பறவைகளையும் எண்ணுவோம்

பறவைகளையும் பட்டாம்பூச்சிகளையும் கண்காணிக்கப் புதிதாக வரும் தன்னார்வலர்கள் அரிய இனங்களைத் தேடி அலைவது இயல்பே. ஆனால் படமெடுக்க யாரும் நின்று பார்க்காத காகத்தையும் மைனாவையும் விடாமல் எண்ணிக் குறித்துவைப்பதே ஒரு தன்னார்வலர் செய்யக்கூடிய பெரும்பணி என்று உறுதியாக நம்புகிறேன்.

வட அமெரிக்காவில் 1966 முதல் நடந்துவரும் இனப்பெருக்கக் காலப் பறவைக் கணக்கெடுப்பைப் பாருங்கள். ஒரு சாலைத் தடத்தில் 50 இடங்கள். ஒவ்வோர் இடத்திலும் 3 நிமிடம் நின்று, கண்ணில் பட்டதையும் காதில் விழுந்ததையும் எழுத வேண்டும். ஆண்டுதோறும் அதே தடம், அதே இடங்கள். தன்னார்வலர்கள் பல பத்தாண்டுகளாகச் சேர்த்த இத்தகைய எண்களைக் கொண்டுதான், 1970-க்குப் பின் அங்கே ஏறத்தாழ 290 கோடி பறவைகள் குறைந்துவிட்டதாக 2019-இல் ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள். அந்த இழப்பில் 90 விழுக்காட்டுக்கும் மேல் 12 பறவைக் குடும்பங்களுக்குள் அடங்கிவிடுகிறது; அவற்றுள் அன்றாடம் கண்ணில் படும் பறவைகளே மிகுதி. அரியவற்றை மட்டும் தேடியிருந்தால் இந்தச் சரிவு யாருக்கும் தெரிந்திராது.

பட்டாம்பூச்சிகளை எண்ணுவதற்குச் சூழலியலாளர் எர்னி பொல்லார்டு வகுத்த தட நடை 1976-இல் பிரிட்டன் முழுவதற்குமான திட்டமாயிற்று. குறித்த தடத்தில் ஒரே சீராக நடந்து, இருபுறமும் இரண்டரை மீட்டருக்குள்ளும் முன்னால் 5 மீட்டருக்குள்ளும் வருபவற்றை மட்டுமே எண்ண வேண்டும். ஆறாவது மீட்டரில் எவ்வளவு அழகான பூச்சி அமர்ந்திருந்தாலும் அது கணக்கில் சேராது. குளிரிலும் மழையிலும் பலத்த காற்றிலும் நடக்கக் கூடாது. அப்போது எடுத்த எண் பூச்சிகளைப் பற்றியதாக இராது, வானிலையைப் பற்றியதாகவே இருக்கும்.

இவ்வளவு கறார் எதற்கு என்று கேட்பவர்கள் 'லார்ஜ் புளூ' பட்டாம்பூச்சிக்கு பிரிட்டனில் நேர்ந்ததை அறிய வேண்டும். சேகரிப்பாளர்கள் பிடித்துச் செல்வதால்தான் அது அருகுகிறது என்றெண்ணி வேலி போட்டார்கள். அந்த வேலி ஆடுமாடுகளின் மேய்ச்சலையும் தடுக்க, புல் உயர்ந்து, நிலத்தின் வெப்பம் தணிந்து, ஒருவகைச் சிவப்பெறும்பு அங்கிருந்து மறைந்தது. அந்த எறும்பின் கூட்டுக்குள் புகுந்து அதன் இளம்புழுக்களைத் தின்றுதான் இப்பட்டாம்பூச்சியின் புழு வளர முடியும். கடைசியாக எஞ்சிய கூட்டத்தைப் பட்டாம்பூச்சி ஆய்வாளர் ஜெரமி தாமஸ் பொறுமையாகக் கவனித்து உண்மையைக் கண்டறிந்தபோதும் காலம் கடந்துவிட்டது. 1979-இல் அது அங்கே அற்றுப்போயிற்று. 1983-இல் ஸ்வீடனிலிருந்து கொண்டுவந்து விட்டபோது அது மீண்டும் தழைத்ததற்குக் காரணம், மேய்ச்சலைத் திரும்பக் கொண்டுவந்து புல்லைக் குட்டையாக வைத்திருந்ததுதான்.

அதனால்தான், அங்கே வாழ்பவை எவை என்று ஓராண்டுகூடக் கவனிக்காமல் திறந்த புல்வெளிகளில் மரக்கன்று நடக் கிளம்பும் ஆர்வத்தைக் கண்டால் எனக்குக் கவலையாக இருக்கிறது. வானம்பாடியும் நெட்டைக்காலியும் தரையில் கூடு கட்டுபவை. நிழல் விழுந்த புல்வெளி அவற்றுக்கு வீடாகாது.

நண்பர்களிடம் நான் கேட்பது இதுதான். எளிதில் போய்வரக்கூடிய ஒரே இடத்தைத் தேர்ந்தெடுத்து, வாரந்தோறும் ஏறத்தாழ அதே நேரத்தில், அதே அளவு நேரம் செலவிடுங்கள். 'நிறைய' என்று எழுதாமல் எண்ணை எழுதுங்கள். அடையாளம் தெரியாததை ஊகித்துப் பெயரிடாதீர்கள். முழு நேரமும் பார்த்தும் ஒரு பட்டாம்பூச்சிகூட வரவில்லை என்றால், அந்தப் பூச்சியத்தையும் தேதியோடு பதிவுசெய்யுங்கள். அது விடுபட்டால், அங்கே பூச்சி இல்லையா, பார்க்க ஆள் போகவில்லையா என்று பின்னால் ஆராய்பவருக்குத் தெரிய வழியே இல்லை.