பள்ளத்துக்குப் பத்தடி முன்னாடி போர்டு வெச்சா யாருக்குய்யா பிரயோஜனம்?

நேத்து ராத்திரி இன்னொரு யூ-டர்னை மூடிட்டாங்க. சாயங்காலம் வரைக்கும் திறந்திருந்த இடம், விடிஞ்சு பார்த்தா குறுக்கே நாலு கான்கிரீட் பிளாக். சென்னையில ஜிஎஸ்டி ரோடோ, ஓஎம்ஆரோ, பூந்தமல்லி ஹைரோடோ, தினமும் வண்டி ஓட்டுற யாருக்கும் இதை விளக்கத் தேவையில்லை. கேட்டா பாதுகாப்புப் பணியாம். விபத்தைக் குறைக்கப் போறாங்களாம். குறைக்கணும்னா முதல்ல அந்த பிளாக்கை ஒழுங்கா வைங்கய்யா!

அதைக் கிட்டப் போய்ப் பாருங்க. சாம்பல் கலர் ரோட்டுல சாம்பல் கலர் கான்கிரீட். கருப்பு மஞ்சள் பெயிண்ட் எல்லாம் முந்தின சைட்லயே உரிஞ்சு போச்சு. ஒண்ணுக்கும் அடுத்ததுக்கும் நடுவுல ஒரு ஜாண் இடைவெளி, ரெண்டையும் கோத்துப் பிடிக்கிற கம்பி கிடையாது. லாரி இடிச்சா அது தடுப்பா நிக்காது. தனித்தனியா சுழண்டு எதிர்ப்பக்கம் வர்றவன் மேல போய் விழும். அந்த பிளாக்கோட முகத்துலயே ஒரு ஃபிளெக்ஸ் போர்டைக் கட்டுக்கம்பியால கட்டியிருக்காங்க: 'மாற்றுப்பாதையில் செல்லவும்'. ஃபிளெக்ஸ் ராத்திரியில ஹெட்லைட் வெளிச்சத்தை ஓட்டுறவன் கண்ணுக்குத் திருப்பி அனுப்பாது. அதுக்குன்னு ரிஃப்ளெக்டிவ் ஷீட் ஒட்டின தகடு இருக்கு, அதைத்தான் வைக்கணும். பக்கத்துல ஒரு சிவப்பு விளக்கு, பேட்டரியில ஓடுறது. ராத்திரி ரெண்டு மணிக்கு பேட்டரி தீர்ந்துடும், மாத்த ஆள் கிடையாது. மிச்சம் இருக்கிறது எச்சரிக்கைக்குன்னு செருகி வெச்ச ஒரு வேப்பங்கிளைதான்.

இப்போ கணக்குப் போடுங்க. அறுபது கிலோமீட்டர் வேகத்துல ஒரு பைக் வருது. ஒரு செகண்டுக்குக் கிட்டத்தட்ட 17 மீட்டர் ஓடும். ஒரு பொருளைப் பார்த்து, புரிஞ்சு, பிரேக்ல கை வைக்க இரண்டரை செகண்ட்னு, ரோட்டுக்குத் தரம் வகுக்கிற இந்திய சாலைக் காங்கிரஸே (ஐஆர்சி) வெச்சிருக்கு. அதுக்குள்ள 42 மீட்டர் போயாச்சு. அப்புறம்தான் பிரேக் பிடிக்கவே ஆரம்பிக்கும். மொத்தத்துல அறுபதுக்கு 80 மீட்டர், எண்பதுக்கு 120 மீட்டர் வேணும்னு அவங்க புத்தகத்துலயே இருக்கு. லோ பீம்ல அந்த சாம்பல் பிளாக் கண்ணுக்குத் தெரியறதே முப்பது நாப்பது மீட்டர்லதான். அதாவது பிரேக்கைத் தொடுறப்பவே பிளாக் வந்துடுச்சு. ஓட்டுறவன் தூங்கலை, குடிக்கலை, வேகமாவும் வரலை. அவனுக்கு ரெண்டு செகண்ட் கொடுக்காம விட்டது வேலை செஞ்சவங்க. மறுநாள் செய்தியில மட்டும் 'கட்டுப்பாட்டை இழந்து தடுப்பில் மோதி'ன்னு வரும்!

இதுக்கு விதி இல்லையா? இருக்கு. வேலை நடக்கிற இடத்துல போக்குவரத்தை எப்படி நடத்தணும்னு ஐஆர்சி எஸ்பி 55-னு தனிப் புத்தகமே போட்டு, 2014-ல திருத்தியும் கொடுத்திருக்காங்க. முதல்ல தூரத்துலயே எச்சரிக்கை போர்டு. அடுத்தது கோன்களைச் சாய்வா வரிசை கட்டி லேனைக் கொஞ்சம் கொஞ்சமா ஒடுக்கணும். அப்புறம் யாரும் நிக்காத, எதுவும் வைக்காத ஒரு வெற்றிடம். அதுக்குப் பின்னாடிதான் வேலை. முடியற இடத்துல லேனைத் திரும்பத் திறந்துவிடணும். வைக்கிறப்போ வண்டி வர்ற பக்கத்து முதல் போர்டுல ஆரம்பிக்கணும், எடுக்கிறப்போ கடைசியில இருந்து பின்னாடி வரணும். இங்கே முதல்ல பிளாக்கை இறக்குறாங்க, போர்டு லாரி மறுநாள் வருது.

ஏன்னா, பல ஒப்பந்தங்கள்ல இந்த ஏற்பாட்டுக்குத் தனி ரேட் கிடையாது, வேலைக்குள்ளேயே அடக்கம். ஒவ்வொரு கோனும், கொடி பிடிக்கிற ஒவ்வொரு ஆளும் காண்டிராக்டருக்குக் கைக்காசு. அதனால முதல்ல வெட்டு விழறது அதுலதான். தனி ஐட்டமாப் போட்டு, தினமும் ராத்திரி செக் பண்ணி, இல்லைன்னா பில்லுல கழிங்க. 2019-ல மோட்டார் வாகனச் சட்டத்துல 198ஏ-ன்னு பிரிவே சேர்த்தாச்சு. ரோடு போடுறவங்க, கன்சல்டன்ட், பொறுப்பான அதிகாரி, யார் தரத்தைக் கடைப்பிடிக்காம விட்டு உயிர் போனாலும், ஊனமானாலும் ஒரு லட்சம் வரைக்கும் அபராதம். ஹெல்மெட் பக்கிளைக் குனிஞ்சு பார்க்கிற அக்கறையில பாதியாவது அந்தப் பிரிவு மேல இருக்கட்டும்.

அடுத்தது சுரண்டின ரோடு. புதுசா தார் போடுறதுக்கு முன்னாடி பழசை மில்லிங் பண்ணணும், அதுல தப்பே இல்லை. சுரண்டாம மேல மேல போட்டுப் போட்டுத்தான் பாதித் தெருவுல வீடெல்லாம் பள்ளத்துக்குள்ள போச்சு. ஆனா சுரண்டிட்டு எத்தனை நாள் விடுறீங்க? நாலு சென்டிமீட்டர் எடுத்தா, சுரண்டின லேனுக்கும் சுரண்டாத லேனுக்கும் நடுவுல நீளவாக்குல நாலு சென்டிமீட்டர் விளிம்பு நிக்கும். காருக்கு அது ஒரு 'தடக்'. ஸ்கூட்டருக்கு அப்படி இல்லை. ஓரமாச் சாய்ஞ்சு ஏறப் பார்த்தா முன் டயர் விளிம்பை உரசிக்கிட்டே போகும், ஏறாது. ஹேண்டில் திரும்பாது, வண்டியோட எடை மட்டும் சாயும், பின்னாடி உக்காந்திருக்கிற அம்மாவோட சேர்ந்து சரியும். சின்னச் சக்கர ஸ்கூட்டருக்கு இன்னும் மோசம். குறுக்கு விளிம்பா இருந்தாலாவது நேரா ஏறிடலாம். அந்த விளிம்புல கொஞ்சம் தார்க்கலவையைச் சரிவாப் போட்டு ரோலர் ஓட்டினா அன்னைக்கு ராத்திரியே தீர்ந்தது. அடுத்த ராத்திரி எவ்வளவு தார் போட முடியுமோ, அவ்வளவு தூரம் மட்டும் சுரண்டுங்க. தார் கலக்குற பிளாண்ட் ரிப்பேர், லாரி வரலைன்னு காரணம் சொல்றதுக்கு ரெண்டு கிலோமீட்டர் ரோட்டைத் திறந்து போட வேண்டாம். சுரண்டினதும் மேன்ஹோல் மூடி எல்லாம் கிண்ணத்தைக் கவுத்த மாதிரி மேல துருத்திக்கிட்டு நிக்குது. அதைச் சுத்தி ஒரு கோன் கூட இல்லை.

ரோட்டோரம் நிக்கிற இரும்புத் தடுப்பு, அதான் கிராஷ் பேரியர், அதோட கதையும் இதேதான். அந்த டபிள்யூ வடிவத் தகடோட மேல்விளிம்பு ரோட்டுல இருந்து 70 சென்டிமீட்டர் உயரத்துல இருக்கணும். ரெண்டு தடவை அஞ்சஞ்சு சென்டிமீட்டர் தார் ஏத்திட்டுத் தகடை உயர்த்தாம விட்டா, மிச்சம் அறுபதுதான். பெரிய வண்டி அதுல முட்டி நிக்காது, ஏறித் தாண்டும். தகடுகள் ஒண்ணு மேல ஒண்ணு வர்ற இடத்துல, வண்டி வர்ற பக்கத்துத் தகடுதான் மேல இருக்கணும். மாத்திப் பூட்டினா உரசி வர்ற வண்டியை அந்த விளிம்பு ஈட்டி மாதிரி குத்தும். போல்ட்டைக் கழட்டி மாட்டினா தீர்ந்தது. பார்க்கத்தான் ஆள் இல்லை.

யூ-டர்னை மூடுறது தப்புன்னு சொல்லலை. ஓடுற ஹைவேயில எல்லா இடத்துலயும் திரும்ப விட்டா அடிபடத்தான் செய்வாங்க. ஆனா மூடுறதுக்கு முந்தி அடுத்த யூ-டர்ன்ல காத்திருக்க ஒரு தனி லேன் போட்டீங்களா? எதிர்ப்பக்கம் பஸ் பிடிக்க வேண்டியவங்க நடந்து கடக்க வழி வெச்சீங்களா? இல்லைன்னா தண்ணி கேன் வண்டிக்காரர் மூணு கிலோமீட்டர் சுத்த மாட்டார், ஓரமா எதிர்த்திசையிலதான் வருவார். அவரையும் திட்டத்தான் செய்யணும். ஆனா அவரை அங்கே அனுப்பினது அந்த நாலு பிளாக்.

இத்தனையும் தாண்டி வீட்டுத் தெருவுக்குள்ள திரும்பினா வேகத்தடை! 1988-லயே ஐஆர்சி அளவு கொடுத்தாச்சு: பத்து சென்டிமீட்டர் உயரம், 3.7 மீட்டர் அகலம், மெதுவா ஏறி மெதுவா இறங்கணும். தெருவுல இருக்கிறது ஒரு முழ அகலத்துல செங்குத்தா ஒரு மேடு. நிறைமாசப் பொண்ணை ஆட்டோவுல கூட்டிட்டுப் போறவங்களைக் கேட்டுப் பாருங்க. வெள்ளைக் கோடு அழிஞ்சு எத்தனை மாசமாச்சு, தெருவிளக்கும் எரியலை. ஒரு டின் பெயிண்ட்டய்யா, ஒரே ஒரு டின்!