ஓடை மணல் சொல்லாத கணக்கு

மதுரை மாவட்டம் அரிட்டாபட்டி மலைப்பகுதியில் டங்ஸ்டன் வெட்டியெடுக்க விட்ட ஏலத்தை 2025 ஜனவரி 23 அன்று மத்திய அரசு ரத்து செய்தது. மேலூர்ப் பக்கம் அன்று திருவிழா. எனக்கும் பெரிய நிம்மதிதான். ஆனால் ஒரு கோபம் மட்டும் இன்னும் ஆறவில்லை. அந்த மலைகள் ஏலப் பட்டியல் வரைக்கும் எப்படிப் போயின?

மலையில் கனிமம் இருக்கிறதா என்று பார்ப்பதை நான் எதிர்க்கவில்லை. நிலவியலாளர்களின் அந்த வேலை மீது எனக்கு மரியாதை உண்டு. ஓடை மணலை வாரித் தட்டில் போட்டு, தண்ணீர் விட்டுச் சுழற்றுவார்கள். லேசான மணல் வழிந்து போக, கனத்த துகள்கள் அடியில் கருங்கோடாகத் தங்கும். டங்ஸ்டன் தாதுவான ஷீலைட் அதில் இருந்தால், இருட்டில் புற ஊதா விளக்கைக் காட்டியதும் வெளிர் நீலமாக ஒளிரும். ஒரு கைப்பிடி மணலை வைத்துக்கொண்டு, மேலே எந்தச் சரிவிலிருந்து அது வந்தது என்று தேடி ஏறுவார்கள். அற்புதமான அறிவு அது.

ஆனால் அந்த மணல் சொல்வது ‘இருக்கலாம்’ என்பதை மட்டுமே. எவ்வளவு இருக்கிறது, எந்த ஆழத்தில், வெட்டினால் கட்டுப்படியாகுமா என்பதெல்லாம் துளையிட்டுப் பார்த்த பிறகுதான் தெரியும். நம் விதிகளில் ஆய்வுக்கு ஜி-4 தொடங்கி ஜி-1 வரை நான்கு படிகள். ஆய்வுக்கும் சுரங்கத்துக்கும் சேர்த்துக் கொடுக்கும் கூட்டு உரிமத்தை, முதல் படியான ஜி-4 நிலையிலேயே ஏலம் விட விதி இடம் தருகிறது. என் கோபம் இங்கேதான். ‘இருக்கலாம்’ என்ற ஒரு சொல்லுக்கு மலையை விலை பேசலாமா?

அரிட்டாபட்டியையும் சேர்த்து ஏலத்துக்காக நாயக்கர்பட்டி வட்டாரம் என்று மத்திய அரசு வகுத்தது 2015.51 ஹெக்டேர். அதில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்குதான் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலம் என்றார்கள்; அதை மட்டும் விலக்கிவிடலாமா என்று ஆராயச் சொன்னார்கள். மழைநீர் சர்வே கல்லைப் பார்த்து நிற்குமா? 2022இல் அத்தலத்தை அறிவித்தபோது தமிழக அரசு குறிப்பிட்டவை ஏழு குன்றுகள், 72 ஏரிகள், 200 சுனைகள். குன்றில் விழும் மழை பாறை இடுக்கில் இறங்கி, சுனையாகக் கசிந்து, ஓடையாகிக் கண்மாய் கண்மாயாக நிரப்பிக்கொண்டு போகிறது.

அங்கே ஒரு குகை இருக்கிறது. அதைத் துறவிகளுக்குக் கொடுத்தவரின் பெயர் தமிழி எனும் பழந்தமிழ் எழுத்தில் குகையின் நெற்றியில் பொறிக்கப்பட்டிருக்கிறது. வயது 2,000 ஆண்டுகளுக்கு மேல். மழைநீர் உள்ளே வழியாதபடி விளிம்பில் காடி வெட்டியிருக்கிறார்கள். பாறையில் தண்ணீர் எப்படி ஓடும் என்பதைக் கவனித்துவிட்டுத்தான் உளியை எடுத்திருக்கிறார்கள்.

அமெரிக்காவில் 1964இல் வனாந்தரப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. முதலில் மலைகளைக் காப்பில் வைத்தார்கள். அவற்றின் கனிமங்களை அரசு அமைப்புகளே தொடர்ந்து ஆராய்ந்து முடிவுகளை மக்களுக்கு வெளியிட வேண்டும் என்று அந்தச் சட்டத்திலேயே எழுதினார்கள். குறையில்லாமல் இல்லை, 1983 டிசம்பர் 31 வரை புதிதாகச் சுரங்க உரிமை கோரவும் இடம் விட்டிருந்தார்கள். ஆனாலும் அந்த வரிசை எனக்குப் பிடித்திருக்கிறது: முதலில் காப்பு, பிறகு கணக்கு, அதுவும் ஊரறிய.

டங்ஸ்டன் நாட்டுக்குத் தேவைதான், மறுக்கவில்லை. அடுத்த மலைக்கு ஜி-4 அறிக்கை எழுதும்போது, மாதிரி எடுத்த ஓடை எந்தக் கண்மாய்க்குத் தண்ணீர் கொண்டுபோகிறது என்பதையும் அதே பக்கத்தில் எழுதுங்கள். அந்த ஊர் நீர்ப்பாய்ச்சியிடம் கேட்டால் பத்து நிமிடத்தில் சொல்லிவிடுவார்.