உதவித்தொகை தேடுகிறீர்களா? கொடுப்பவர் யார் என்று முதலில் பாருங்கள்

"வெளிநாட்டில் படிக்க ஃபுல் ஸ்காலர்ஷிப் லிஸ்ட் இருந்தால் அனுப்புங்க" என்று அடிக்கடி கேட்கிறார்கள். லிஸ்ட்டுக்கு என்ன பஞ்சம்? தேடினால் நூறு, இருநூறு என்று வந்து கொட்டும். பெயர், நாடு, கடைசித் தேதி எல்லாம் இருக்கும். அந்தப் பணத்தை யார் கொடுக்கிறார்கள், எதற்காகக் கொடுக்கிறார்கள் என்பது மட்டும் இருக்காது. என்னைக் கேட்டால், தேடலை அங்கிருந்துதான் தொடங்க வேண்டும். முன்பின் தெரியாத ஒருவருக்கு விமான டிக்கெட், கல்லூரிக் கட்டணம், மாதச் செலவு எல்லாம் கொடுக்க ஒரு அரசோ அறக்கட்டளையோ முன்வருகிறது என்றால், அதன் பின்னால் ஒரு கணக்கு இருக்கும். அந்தக் கணக்குக்குள் நாம் வருகிறோமா என்று பார்க்காமல் விண்ணப்பம் போட்டுக்கொண்டே இருப்பதில் பயனில்லை.

செவனிங்கை எடுத்துக்கொள்ளுங்கள். பிரிட்டிஷ் அரசு 1983 முதல் நடத்தும் திட்டம். ஓராண்டு முதுநிலைப் படிப்புக்கு உதவி கிடைக்கும். பணம் எந்தத் துறையிலிருந்து வருகிறது? வெளியுறவுத் துறையிலிருந்து. இது தெரிந்துவிட்டால் மற்ற நிபந்தனைகள் எல்லாம் தானாகப் புரியும். ஏன் 2,800 மணி நேர வேலை அனுபவம் கேட்கிறார்கள், ஏன் தலைமைப் பண்பு பற்றித் தனியாக எழுதச் சொல்கிறார்கள், ஏன் படிப்பு முடிந்ததும் சொந்த நாட்டுக்குத் திரும்பி இரண்டு ஆண்டுகள் இருக்கச் சொல்கிறார்கள் என்பதற்கெல்லாம் பதில் ஒன்றுதான். இன்னும் பத்துப் பதினைந்து வருஷத்தில் தன் நாட்டில் முடிவெடுக்கும் இடத்தில் உட்காரப் போகிறவரை இப்போதே நண்பராக்கிக்கொள்கிறார்கள். அவர்களிடம் போய் "நான் பள்ளிக் காலத்திலிருந்தே முதல் ரேங்க்" என்று இரண்டு பக்கம் எழுதினால் என்ன ஆகும்? மரியாதையாக ஒரு நிராகரிப்பு மெயில் வரும்.

அமெரிக்க அரசின் ஃபுல்பிரைட் உதவித்தொகையின் பிறப்பும் இதே மாதிரிதான். இரண்டாம் உலகப் போர் முடிந்து, வெளிநாடுகளில் தேங்கிக் கிடந்த அமெரிக்கப் போர்த் தளவாடங்களை விற்று வந்த பணத்தில், 1946ல் செனட்டர் ஃபுல்பிரைட் கொண்டுவந்த சட்டத்தால் தொடங்கிய திட்டம் அது. நாடுகளுக்கு இடையே மனிதர்கள் போய்வர வேண்டும் என்பது நோக்கம். "போய்வர" என்பதில் "வர" முக்கியம். ஃபுல்பிரைட் மாணவர்கள் படிப்பு முடிந்து இரண்டு ஆண்டுகள் சொந்த நாட்டில் இருக்க வேண்டும் என்ற விதி அதனால்தான். அமெரிக்காவிலேயே வேலை தேடித் தங்கிவிடுவதுதான் உங்கள் திட்டம் என்றால், இது உங்களுக்கான பணம் இல்லை. தப்பொன்றும் இல்லை, வேறு பணத்தைத் தேடுங்கள்.

கொடுப்பவரின் மனசு காலத்தோடு மாறும் என்பதற்கு, ஆக்ஸ்ஃபோர்டில் படிக்கக் கொடுக்கும் ரோட்ஸ் உதவித்தொகை நல்ல சாட்சி. பேரரசுக் கனவு கண்ட சிசில் ரோட்ஸ் 1902ல் இறந்தபோது அவருடைய உயில்படி உருவானது. 1977 வரைக்கும் பெண்களுக்கு அதில் இடமே கிடையாது. 2018 முதல்தான் எந்த நாட்டவரும் போட்டியிடும்படி திறந்துவிட்டார்கள். பழைய கட்டுரை ஒன்றைப் படித்துவிட்டு "நமக்குக் கிடையாது" என்று ஒதுங்கிவிடாதீர்கள். அதே கட்டுரையை நம்பி "நமக்கு உண்டு" என்று இறங்கவும் வேண்டாம்.

சரி, அரசுகளை விடுவோம். பல்கலைக்கழகங்கள் ஏன் கொடுக்கின்றன? இங்கேதான் பெரும்பாலானவர்கள் தவறான கதவைத் தட்டுகிறார்கள். இளநிலை, முதுநிலை, முனைவர் பட்டம் என்ற மூன்று படிகளில் பணம் ஒரே மாதிரி பரவியிருப்பதில்லை. வெளிநாட்டு மாணவருக்கு மிகவும் வறண்ட இடம் முதுநிலை. பல பல்கலைக்கழகங்களுக்கு முதுநிலை மாணவர்தான் வருமானமே. அவரிடம் கட்டணம் வாங்கத்தான் அந்தப் படிப்பையே நடத்துகிறார்கள், அவருக்கு ஏன் உதவித்தொகை கொடுப்பார்கள்? ஆனால் முனைவர் பட்ட மாணவர் ஆய்வகத்தில் வேலை செய்கிறார், வகுப்பெடுக்கிறார், கட்டுரை எழுதுகிறார். அவர் அவர்களுக்குத் தேவை. அதனால் அமெரிக்காவின் ஆய்வுப் பல்கலைக்கழகங்களில், குறிப்பாக அறிவியல், பொறியியல் துறைகளில், கட்டண விலக்கும் மாதத் தொகையும் சேர்த்தே சேர்க்கைக் கடிதம் வருவது சாதாரணம். அதற்கு எந்த ஸ்காலர்ஷிப் பெயரும் இருக்காது. எந்த லிஸ்ட்டிலும் வராது.

நார்வே, ஸ்வீடன், டென்மார்க், நெதர்லாந்து பக்கம் போனால் இன்னும் சுவாரசியம். அங்கே முனைவர் பட்ட இடம் பெரும்பாலும் வேலை விளம்பரமாகவே வரும். சம்பளம், விடுப்பு, ஒப்பந்தம் எல்லாம் உண்டு. பல்கலைக்கழகத்தின் "ஸ்காலர்ஷிப்" பக்கத்தைப் பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்று திரும்புகிறவர், அதே தளத்தின் "வேலைவாய்ப்பு" பக்கத்தைத் திறந்திருந்தால் கிடைத்திருக்கும். ஐரோப்பிய ஆணையம் நடத்தும் யூராக்ஸஸ் என்ற தளத்தில் இப்படிப்பட்ட இடங்கள் தினமும் வருகின்றன. ஐரோப்பிய ஒன்றியப் பணத்தில் நடக்கும் முனைவர் பட்டத் திட்டமான மேரி கியூரி டாக்டரல் நெட்வொர்க் இடங்களும் அங்கே கிடைக்கும். அதில் விசித்திரமான ஒரு விதி உண்டு: கடந்த 36 மாதங்களில் 12 மாதங்களுக்கு மேல் அந்த நாட்டில் வசித்தவர் அங்கே சேர முடியாது. ஊர் விட்டு ஊர் போக வைப்பதுதான் அந்தப் பணத்தின் நோக்கம். புதிதாக வருகிற வெளிநாட்டவருக்கு இவ்வளவு சாதகமான விதி வேறு எங்கே இருக்கிறது?

ஆராய்ச்சிதான் ஆசை என்று தெளிவாக இருப்பவர், முதுநிலைக்குப் பெரிய கடன் வாங்குவதற்கு முன் ஒரு முறை யோசிக்கலாம். அமெரிக்காவில் பல துறைகளில் இளநிலை முடித்த கையோடு முனைவர் பட்டத்துக்கே விண்ணப்பிக்கலாம். ஐரோப்பாவில் பெரும்பாலும் முதுநிலை கேட்பார்கள்.

முதுநிலையில் பணமே இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. ஐரோப்பிய ஒன்றியத்தின் எராஸ்மஸ் முண்டுஸ் என்ற கூட்டு முதுநிலைத் திட்டம் 2004ல் தொடங்கியது. உதவித்தொகை கிடைத்தால் மாதம் 1,400 யூரோ, படிப்புக் கட்டணமும் இல்லை. குறைந்தது இரண்டு நாடுகளிலாவது படிக்க வேண்டும். இதற்கு ஒரே ஒரு பொது விண்ணப்பம் இருக்கும் என்று தேடித் தேடி ஓய்ந்தவர்கள் நிறைய. கிடையாது. ஒவ்வொரு படிப்பையும் சில பல்கலைக்கழகங்கள் சேர்ந்து நடத்துகின்றன, அந்தந்தப் படிப்பின் தளத்திலேயே நேராக விண்ணப்பிக்க வேண்டும், கடைசித் தேதியும் ஆளுக்கொன்று. பிரான்ஸின் ஐஃபெல் உதவித்தொகையோ நேரெதிர். மாணவர் தானாக விண்ணப்பிக்கவே முடியாது; பிரெஞ்சுக் கல்வி நிறுவனம்தான் அவர் பெயரை அனுப்ப வேண்டும். கேம்பிரிட்ஜில் கேட்ஸ் உதவித்தொகைக்குச் சேர்க்கை விண்ணப்பத்திலேயே ஒரு பகுதி இருக்கிறது. அதை நிரப்பாமல் விட்டு, இடம் கிடைத்த பிறகு "கேட்ஸ் எப்படி வாங்குவது" என்று கேட்டால் யாராலும் ஒன்றும் செய்ய முடியாது.

தேதி விஷயத்தில் பலரும் கோட்டை விடுவது இங்கேதான். இடம் கிடைக்கட்டும், அப்புறம் பணம் பார்க்கலாம் என்று நினைக்கிறார்கள். செவனிங் விண்ணப்பம் ஆகஸ்ட் வாக்கில் திறந்து இலையுதிர் காலத்தில் மூடிவிடும், படிப்பு தொடங்குவது அதற்கு அடுத்த ஆண்டு செப்டம்பரில். ஜப்பான் அரசின் மெக்ஸ்ட் உதவித்தொகைக்குத் தூதரகம் வழியாகப் போனால், எழுத்துத் தேர்வு, நேர்காணல் எல்லாம் முடித்து விமானம் ஏற அடுத்த ஆண்டு ஆகிவிடும். ஒன்றரை ஆண்டு முன்னால் வேலையைத் தொடங்குகிறவர்தான் நிதானமாக விண்ணப்பிக்கிறார். பரிந்துரைக் கடிதம் கேட்கப் போகும் ஆசிரியருக்கும் கடைசி வாரத்தில் தொல்லை கொடுக்காமல் இருக்கலாம்.

கட்டணமே வாங்காத இடமும் ஓர் உதவித்தொகைதான் என்பதை நிறையப் பேர் மறந்துவிடுகிறார்கள். ஜெர்மனியின் அரசுப் பல்கலைக்கழகங்கள் பெரும்பாலானவற்றில் வெளிநாட்டவருக்கும் படிப்புக் கட்டணம் இல்லை. பாடன்-வுர்ட்டெம்பெர்க் மாநிலம் 2017 முதல் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருபவர்களிடம் பருவத்துக்கு 1,500 யூரோ வாங்குகிறது. வாழ்க்கைச் செலவுக்கான தொகையை முன்கூட்டியே காட்ட வேண்டும், அது சிறிய தொகை இல்லைதான். நார்வேயும் இலவசமாகத்தான் இருந்தது, ஐரோப்பாவுக்கு வெளியிலிருந்து வருபவர்களுக்கு 2023ல் நிறுத்திவிட்டார்கள். இதையெல்லாம் கல்வி ஆலோசகர் சொல்லமாட்டாரா என்று கேட்கலாம். பல ஆலோசகர்களுக்கு மாணவரைச் சேர்த்துவிடும் பல்கலைக்கழகமே கமிஷன் தருகிறது. கமிஷன் தராத பல்கலைக்கழகத்தின் பெயர் அவர் வாயில் ஏன் வரப் போகிறது? இங்கேயும் அதே கேள்விதான், யார் பணம் கொடுக்கிறார்கள்?

இன்டர்ன்ஷிப் பற்றிப் பேசும்போது எனக்குக் கொஞ்சம் கோபம் வரும். 2015ல் ஜெனீவாவில் ஐக்கிய நாடுகள் அமைப்பில் இன்டர்னாக இருந்த நியூசிலாந்து இளைஞர் ஒருவர், வாடகை கட்டுப்படியாகவில்லை என்று சொல்லிக் கூடாரம் போட்டுத் தங்கியது உலகச் செய்தியானது. மனித உரிமை பேசும் அமைப்பு இளைஞர்களிடம் சம்பளமில்லாமல் வேலை வாங்குகிறதே என்று அப்போது எல்லோரும் பேசினார்கள். ஐ.நா. செயலகத்தில் இன்டர்ன்களுக்குச் சம்பளம் தராத வழக்கம் அதன் பிறகும் தொடர்ந்தது. உலக சுகாதார நிறுவனம் 2020 முதல் உதவித்தொகை கொடுக்கத் தொடங்கியது. சம்பளமில்லாத இன்டர்ன்ஷிப்புக்கு உண்மையில் பணம் கொடுப்பவர் மாணவரின் பெற்றோர். அப்படிப்பட்ட பெற்றோர் வாய்க்காதவர், பெரிய பெயரைப் பார்த்து மயங்காமல் இருப்பது நல்லது. இயற்பியல், கணினி, பொறியியல் படிப்பவர்களுக்கு பல ஐரோப்பிய நாடுகள் சேர்ந்து ஜெனீவா அருகே நடத்தும் செர்ன் இயற்பியல் ஆய்வகத்தின் கோடைத் திட்டம் 1962 முதல் நடக்கிறது. தங்கும் செலவுக்குப் பணம் கொடுக்கிறார்கள், உறுப்பு நாடுகள் அல்லாதவற்றிலிருந்தும் எடுக்கிறார்கள்.

விளம்பரமே வராத இன்டர்ன்ஷிப்களும் உண்டு. பேராசிரியருக்கு நேராக எழுதிக் கேட்பதுதான் வழி. ஆனால் "மதிப்பிற்குரிய ஐயா, தங்கள் புகழ்பெற்ற ஆய்வகத்தில்" என்று ஒரே கடிதத்தை ஐம்பது பேருக்கு அனுப்பினால் ஐம்பதும் குப்பைக்குத்தான். அவருடைய அண்மைக் கட்டுரை ஒன்றைப் படியுங்கள். அதில் உங்களுக்குத் தோன்றிய ஒரு கேள்வி, உங்களுக்குத் தெரிந்த ஒரு வேலை, எந்த மாதங்களில் வர முடியும் என்பதை எழுதுங்கள். பத்து வரி போதும். பதில் வராவிட்டால் இரண்டு வாரம் கழித்து ஒரு நினைவூட்டல், அத்தோடு விட்டுவிடுங்கள்.

"முழுசாகக் கிடைத்தால்தான்" என்று பிடிவாதம் பிடிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. ஆகா கான் அறக்கட்டளை பாதி மானியமாகவும் பாதி கடனாகவும் கொடுக்கிறது. வளரும் நாடுகளைச் சேர்ந்த பெண்களின் அறிவியல், பொறியியல் படிப்புக்கென்றே ஷ்லும்பர்ஜே அறக்கட்டளை தனியாகக் கொடுக்கிறது. இப்படி வட்டம் குறுகக் குறுகப் போட்டியும் குறையும். ஆனால் இரண்டு உதவிகளைச் சேர்த்து வாங்கலாமா என்பதை விதிகளில் பார்த்துக்கொள்ளுங்கள், சில இடங்களில் கூடாது. விண்ணப்பிக்கவே பணம் கேட்பவர் யாராக இருந்தாலும் சந்தேகப்படுங்கள். செவனிங்குக்கோ ஃபுல்பிரைட்டுக்கோ விண்ணப்பக் கட்டணம் கிடையாது.

பணம் கிடைத்த பிறகும் கொடுப்பவர் மேல் ஒரு கண் இருக்கட்டும். 2025 தொடக்கத்தில் அமெரிக்க வெளியுறவுத் துறை நிதியை நிறுத்தி வைத்தபோது, ஃபுல்பிரைட்டில் இருந்தவர்கள் பலர் படிப்பின் நடுவே அடுத்த மாதத் தொகை வருமா என்று தெரியாமல் தவித்தார்கள். அரசுப் பணம் அரசியலோடு சேர்ந்து ஆடும். கையெழுத்துப் போடும் முன், தொகை இடையில் நின்றால் கட்டணத்துக்கு யார் பொறுப்பு, திரும்பி வரும் பயணச் செலவு யாருடையது என்று ஒப்பந்தத்தில் தேடிப் பாருங்கள். இல்லாவிட்டால் மெயில் போட்டுக் கேட்டு, எழுத்தில் பதில் வாங்கி வையுங்கள்.