ஆவணக் காட்சியாம், ஆதாரமாம்!

வேற்றுக்கிரகவாசிகள் மனிதரைக் கடத்திச் செல்லும் படங்களின் தொடக்கத்தில் 'உண்மைச் சம்பவங்களை அடிப்படையாகக் கொண்டது' என்று போடுபவர்களுக்குச் சட்டத்தில் ஏதாவது தண்டனை உண்டா? இல்லையென்றால் உடனே ஒன்றைக் கொண்டுவர வேண்டும். நேற்றிரவு எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் என் மைத்துனர் ஒரு காணொளித் துண்டை அனுப்பி, 'அமெரிக்கா மறைத்து வைத்த ஒரிஜினல் காட்சி, இதய நோயாளிகள் பார்க்க வேண்டாம்' என்று எழுதியிருந்தார். என் இதயத்துக்கு ஒன்றும் ஆகவில்லை, பொறுமைதான் போயிற்று. ஏனெனில் அது 2009ஆம் ஆண்டு வெளியான 'த ஃபோர்த் கைண்ட்' படத்தின் காட்சி. இத்தனை ஆண்டுகளாகியும் அந்தப் புளுகுக்கு ஓய்வு இல்லை.

அந்தப் படத்தின் தொடக்கத்தை நீங்களும் பார்த்துத் தொலைத்திருப்பீர்கள். மில்லா ஜோவோவிச் கேமராவை நோக்கி நடந்து வருகிறார். தாம் ஒரு நடிகை என்றும், அலாஸ்காவின் நோம் நகரைச் சேர்ந்த அபிகேல் டைலர் என்னும் உளவியல் மருத்துவராக நடிப்பதாகவும், காட்சிகளுக்கெல்லாம் ஆவணப் பதிவுகளின் ஆதாரம் இருப்பதாகவும், முகத்தில் சிரிப்பின் சுவடே இல்லாமல் அறிவிக்கிறார். அதன்பின் திரையை அவ்வப்போது இரண்டாகப் பிளந்து, ஒரு பக்கம் நடிகர்களையும் மறுபக்கம் 'அசல்' மனிதர்களையும் ஓடவிடுகிறார்கள். மைத்துனர் அனுப்பிய துண்டு இந்த 'அசல்' பக்கத்தைச் சேர்ந்தது. மனோவசியத்தில் ஆழ்த்தப்பட்டவர் படுக்கையில் கிடக்கிறார். படம் தெளிவாக இருக்கிறது. அவர் முனகுகிறார், படம் தெளிவாக இருக்கிறது. அறையில் இருப்பவர்கள் பதறுகிறார்கள். அந்தப் பதற்றமும் தெளிவாகத்தான் தெரிகிறது. இனி ஏதோ நிகழப்போகிறது, உடலுக்குள் யாரோ புகுந்துவிட்டார்கள், நாமும் நிமிர்ந்து உட்காருகிறோம். மழைக்காலத்துக் கேபிள் டிவி போலத் திரை முழுவதும் கோடு கோடாக இழுத்துக்கொள்கிறது! எது நடந்ததோ அது கோடுகளுக்குப் பின்னால் நடந்து முடிந்துவிட்டதாம். விண்மீன்களைத் தாண்டிக் கலம் ஓட்டி வரத் தெரிந்தவர்களுக்கு ஒரு வீடியோ கேமராவின் முன் ஒழுங்காக நிற்க மட்டும் வருவதில்லை. அந்தக் கோடுகளுக்கு நடுவே கேட்கும் குரல் பேசுவது சுமேரிய மொழி. இன்றைய ஈராக் பகுதியில் பேசப்பட்டு, பேச்சு வழக்கிலிருந்து மறைந்து ஏறத்தாழ 4000 ஆண்டுகள் ஆகிவிட்ட மொழி. நோமில் உள்ளவரை மிரட்ட வந்தவர்கள் அவருக்குப் புரியும் மொழியில் மிரட்டினால் என்ன குறைந்துவிடும்?

இதில் எந்தப் பக்கமும் அசல் இல்லை. அப்படி ஒரு மருத்துவர் இருந்ததே இல்லை. 'உண்மையான' டைலராகக் கன்னம் ஒட்டி, கண் வீங்கி அழுதவர் சார்லட் மில்ச்சர்ட் என்னும் நடிகை. பெரிங் கடலோரத்தில் மரங்களே அரிதான தூந்திர நிலத்தில் இருக்கும் நோமுக்குப் பதிலாக, பல்கேரியாவின் மலைகளைக் காட்டியிருக்கிறார்கள். விளம்பரத்துக்காக அலாஸ்கா நாளிதழ்களின் பெயரில் போலிச் செய்திகளை இணையத்தில் ஏற்றி, பிறகு வழக்குக்கு அஞ்சி அலாஸ்கா பத்திரிகையாளர் சங்கத்துக்கு 20,000 டாலர் கொடுத்துச் சமரசம் செய்துகொண்டார்கள். ஆனால் அந்தச் சமரசச் செய்தியை எந்த மைத்துனரும் எந்தக் குழுவிலும் பகிர்வதில்லை.

இவ்வளவையும் வியாபாரம் என்று விட்டுவிடலாம். நோமில் மனிதர்கள் காணாமற்போனது மட்டும் உண்மை என்பதுதான் வயிற்றெரிச்சல். 1960களிலிருந்து நேர்ந்த இரண்டு டஜன் மரணங்களையும் காணாமற்போன நிகழ்வுகளையும் எஃப்.பி.ஐ. ஆராய்ந்து, மிகுதியான குடியும் கொடுங்குளிருமே காரணம் என்று முடிவு சொன்னது. சிலருடைய உடல்கள் கிடைக்கவே இல்லை. பெரும்பாலும் சுற்றுப்புறத்துப் பழங்குடிச் சிற்றூர்களிலிருந்து வந்தவர்கள். அவர்களைத் தேடி அலைந்த குடும்பங்கள் இன்றும் அங்கேதான் இருக்கின்றன. அந்தத் துயரத்தை எடுத்து, அதன்மேல் ஓர் ஆந்தையையும் ஒரு விண்கலத்தையும் ஒட்டி, டிக்கெட் விற்றார்கள். பேய்ப்படம் எடுப்பவர்கள்கூடச் செத்தவரின் பெயரையாவது மாற்றுகிறார்கள்.

கடத்தப்பட்டதாகச் சொல்பவர் உயிரோடு இருந்தாலும் இப்படிப் படம் எடுப்பவர்கள் அவர் சொன்னதை எடுப்பதில்லை. 1975 நவம்பரில் அரிசோனாக் காட்டில் மரம் வெட்டப் போன டிராவிஸ் வால்டன் ஐந்து நாள் காணாமற்போய்த் திரும்பி வந்து ஒரு கதை சொன்னார். அதை நம்புவதும் நம்பாததும் அவரவர் பாடு. ஆனால் 1993இல் வந்த 'ஃபயர் இன் த ஸ்கை' படத்தில், கலத்துக்குள் நடப்பதாக வரும் கொழகொழப்பும் சித்திரவதையும் அவர் சொல்லாதவை. சொன்னவருக்கே விசுவாசம் இல்லாத படத்துக்கு உண்மைக் கதை என்ற முத்திரை எதற்கு? கற்பனை என்று சொல்லிவிட்டுப் பத்துத் தலை வேற்றுக்கிரகவாசியைக் காட்டுங்கள். காசு கொடுத்துப் பார்க்கிறேன்.

இவ்வளவையும் மைத்துனரிடம் தொலைபேசியில் மூச்சு விடாமல் சொன்னேன். அவர் குறுக்கிடாமல் கேட்டார். பிறகு நிதானமாக, "எல்லாம் சரி மாப்பிள்ளை, சுமேரியர்கள் யார்? நம்ம ஆளுங்கதானே? அப்படிப் பார்த்தால் அந்தக் குரல் பேசியது பழந்தமிழ்" என்றார்.

"மச்சான், அது நடிகரின் குரல்" என்றேன்.

"அந்த நடிகருக்குத் தமிழ் எப்படித் தெரிந்தது?" என்று கேட்டார்.

அதற்கு மேல் எனக்குக் கோபம் வரவில்லை. சிரிப்புத்தான் வந்தது, நிறுத்தவும் முடியவில்லை. தம் வாதத்தில் நான் மடங்கிவிட்டதாக எண்ணி, அதையும் அவர் குழுவில் போட்டுவிட்டார்.