'ஹேவ்' சொல்லுக்குப் பின் வினையடை வரக்கூடாதா? உண்மை விளக்கம்

ஆங்கில முற்றுக்கால வினையில் 'ஹேவ்', 'ஹேஸ்', 'ஹேட்' ஆகிய துணைவினைகளுக்கும் முதன்மை வினைக்கும் இடையே வினையடையை நுழைப்பது இலக்கணப் பிழை என்று ஒரு குறிப்பு பரவி வருகிறது. இது தவறு.

'ஐ ஹேவ் ஆல்ரெடி ஈட்டன்' என்பதே இயல்பான தொடர். குறிப்பு வலியுறுத்தும் 'ஐ ஆல்ரெடி ஹேவ் ஈட்டன்' அழுத்தம் தேவைப்படும்போது மட்டுமே பொருந்துகிறது. ஃபவுலரின் ஆங்கிலப் பயன்பாட்டு அகராதி, 1965 பதிப்பில், துணைவினைக்கும் வினைக்கும் இடைப்பட்ட இடமே வினையடைக்கு இயல்பானது என்றும், வேறிடத்தில் வைக்கத்தான் தனிக்காரணம் வேண்டும் என்றும் கூறுகிறது. மேலும், 'ஐ ஹேவ் நாட் ஈட்டன்' என்பதில் 'நாட்' இருப்பதும் அதே இடைவெளியில்தான். அதை யாரும் பிழை என்பதில்லை!

'டு' சொல்லையும் வினையையும் பிரிக்கக்கூடாது என்ற பழைய தடையே, அதுவும் ஐயத்திற்குரியதுதான், இங்கும் இழுத்து நீட்டப்பட்டதாகத் தோன்றுகிறது. 'ஏற்கெனவே சாப்பிட்டுவிட்டேன்' என்று வினையைப் பிரிக்காமல் சொல்லிப் பழகிய நமக்கு இத்தடை எளிதில் நம்பத்தக்கதாகிவிடுகிறது.

ஆயினும் எல்லா வினையடைகளும் நடுவில் அமர்வதில்லை. 'யெட்' பெரும்பாலும் இறுதியில் வரும். செயலின் தன்மையைச் சொல்லும் 'பேட்லி', 'ஷி ஹேஸ் பெயின்டெட் த டோர் பேட்லி' என்பதில் கடைசியில் நிற்கிறது. செயப்பாட்டு வினையிலோ, 'த டோர் ஹேஸ் பீன் பேட்லி டேமேஜ்ட்' என, இரண்டாம் துணைவினைக்குப் பின் வந்துவிடுகிறது.